பன்னிரண்டாம் எண்

இரவு ஒன்பதைத் தாண்டினால்
என் கணினிக்கு உலகம் தெரியாமல் போகிறது.
மூன்று வாரமாக இப்படி.
கலைமான் இறைச்சிக் கூட்டுறவின் பில்களை
மாதக் கடைசிக்குள் அனுப்பியாக வேண்டும்:
ரோவனியெமிக்கு முந்நூறு கிலோ, கெமிக்கு எண்பது.
அனுப்பு என்று அழுத்தினால்
மூலையில் ஒரு மஞ்சள் முக்கோணம்,
நடுவில் ஆச்சரியக்குறி.
ஆச்சரியப்பட வேண்டியது நானல்லவா?

மோடத்தை அணைத்தேன். முப்பது எண்ணினேன். போட்டேன்.
நாலு விளக்கும் பச்சை,
பொய் சொல்கிற பச்சை.
கேபிளைப் பிடுங்கி ஊதினேன்,
வேறு துளையில் செருகினேன்,
ஒன்பது யூரோவுக்குப் புதுசே வாங்கினேன்.
கறுப்புத் திரையில் பிங் என்று அடித்து
மூன்றடி தள்ளி இருக்கும் மோடத்தைக்
கூப்பிட்டுப் பார்த்தேன், நான்கு முறை.
நான்கும் கிணற்றில் போட்ட கல்.

தம்பெரேயிலிருந்து யார்க்கோ என்றொரு பையன்
போனில் சொன்னான்:
"எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, அம்மா."
எங்கள் பக்கம்!
பதினெட்டு வருடம் இந்த வாக்கியத்தோடு
குடித்தனம் நடத்தியவள் நான்.

பதினொன்றுக்கு இணையம் தானாக வந்தது.
மறுநாளும் பதினொன்றுக்கு.
அதற்கு மறுநாள் பத்து ஐம்பதுக்கே வந்தது,
அன்றுதான் ஜன்னலைப் பார்த்தேன்.
முற்றத்துக்கு அப்பால், சௌனாக் குடிலில்
தைஸ்தோ அப்போதுதான் விளக்கை அணைத்திருந்தான்.

விவாகரத்துத் தாள்கள் வரும்வரை
அவன் அங்கே, நான் இங்கே.
விறகும் தபால்பெட்டியும் பொது.
வைஃபையும் பொது என்பதைப் பற்றி
நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
வேறு எதைத்தான் பேசிக்கொண்டோம்?

மறுநாள் ஒன்பதரைக்குக் கைபேசி வழியே
மோடத்தின் உள்ளே போனேன். கடவுச்சொல்
இன்னும் எங்கள் நாயின் பெயர்தான்.
பட்டியலில், பன்னிரண்டாம் எண்ணுக்கு நேராக
'ரைலியின் கணினி' என்று இருந்தது.
ரைலி நான்தான். ஆனால் என் கணினியை
அப்போது அணைத்து வைத்திருந்தேன்.

செத்துவிட்டது என்று நான் தூக்கிப்போட்ட லேப்டாப்.
பொறுக்கி எடுத்து, துடைத்து,
உயிர் கொடுத்திருக்கிறான். பெயரை மாற்றவில்லை.
புதியதை எனக்கு அமைத்துத் தந்த அன்று
பழையதன் எண்களைத் துண்டுத்தாளில் குறித்து
ஒரு புள்ளி பிசகாமல் இறக்கியவனும் அவனே:
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்று அறுபத்தெட்டு,
ஒன்று, பன்னிரண்டு.
ஒரே உறையில் இரண்டு கத்தி.
பன்னிரண்டு யார் என்று கேட்கிறது மோடம்.
முற்றத்தின் இரண்டு பக்கமிருந்தும்
நான், நான் என்கிறார்கள்.

போய்ச் சொல்லிவிடலாம் என்று
பூட்ஸ்கூட மாட்டினேன். வெளியே மைனஸ் இருபத்தாறு.
குளிர்தான் காரணம் என்று
சொல்லிக்கொண்டு கழற்றினேன்.
அமைப்புகளுக்குள் புகுந்து
'முகவரியைத் தானாகப் பெறுக' என்ற வட்டத்தில்
புள்ளி வைத்தேன்.
நாற்பத்தேழு கிடைத்தது.
அதற்கு முன் யாரும் உட்கார்ந்திராத எண்.
பில்கள் போயின ஒவ்வொன்றாக,
கெமியின் எண்பது கிலோவும்.

காலையில் கதவைத் தட்டினான்.
கையில் பிரிக்காத பெட்டி, உள்ளே புது ஆன்டெனா.
"நேற்று ராத்திரி அறுந்துபோகவே இல்லை" என்றான்.
"நீ ஏதாவது செய்தாயா?"
மூன்று வாரமாக அவனுக்கும் அறுந்துகொண்டுதான் இருந்ததாம்.
தம்பெரேப் பையனிடம் அவனும் பேசியிருக்கிறான்.
அவனிடமும் எங்கள் பக்கம் சரி.

"எண்பத்தொன்பது யூரோ" என்றான் பெட்டியைப் பார்த்து.
"ரசீதை வைத்திருக்கிறாயா?" என்றேன்.
சட்டைப்பைகளை ஒவ்வொன்றாகத் துழாவ ஆரம்பித்தான்.
கதவு திறந்தே கிடந்தது,
சூடெல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தது.